அச்சச்சுவைச் சிறுகதைகளைக் கூடிப் படித்தல்

தோற்றுவாய்

அச்சம் தனிமையிற் பிறந்து, துணை வரக் குறைவது என்பது யாவரும் அறிந்ததே. ஆகலின், பேயும் பிறவும் பற்றி எழுந்த கதைகளை ஒருவர் இரவில் தனித்திருந்து படித்தலே முறை எனப் பலர் கருதுவர். ஆனால், இவ்வகைச் சிறுகதையின் வரலாற்றை நோக்குவார்க்கு இதற்கு மாறானதோர் உண்மை புலப்படும். புகழ் வாய்ந்த அச்சக்கதைகளுள் சில, பலர் கூடிப் படித்த அவையிற் கருக்கொண்டவை; வேறு சில, அத்தகைய அவையிற் படித்தற்கென்றே எழுதப்பெற்றவை. இவ்வுண்மையை அடியாகக் கொண்டு, முதுகலை மாணவரும் ஆய்வாளரும் இக்கதைகளைக் கூடிப் படிக்கத் தொடங்குமாறு யாது, அதனால் இலக்கிய ஆராய்ச்சிக்கு விளையும் பயன் யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்முயற்சியில் யாம் ஈடுபடுதற்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். ஒப்பிலக்கிய வகுப்பொன்றில், சார்லஸ் டிக்கன்ஸ் 1866ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்ட 'தி சிக்னல்மேன்' என்னும் கதையைப் பற்றிக் கட்டுரை வரையுமாறு மாணவரைப் பணித்திருந்தோம். கதையின் முடிவை அனைவரும் பிழையின்றி எழுதி வந்தனர். 'மேட்டின்மேல் நின்று தன்னை விளித்தவரை அக்கைகாட்டிக்காரன் நிமிர்ந்து நோக்காது, இருப்புப்பாதையின் வழியே பார்வையைச் செலுத்தியது ஏன்?' என்று வினவினோம். ஒருவரும் விடை கூறிற்றிலர். கைப்பேசியிற் கிட்டிய கதைச் சுருக்கத்தைப் படித்தனரேயன்றிக் கதையை அவர்கள் படித்திலர். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. கதைப்பொருளைக் கேட்டு மதிப்பெண் வழங்கும் எம் வினாத்தாள்களும் அதற்கு உடந்தையாயின. அன்று முதற்கொண்டே, கதையை அவையிற் படித்துக் கேட்டாலன்றி இக்குறை நீங்காது என்னும் எண்ணம் எம்முள் வலுப்பெற்றது.

கூடிப் படித்த அவைகள்

கூடிப் படித்தலுக்கு வரலாற்றில் இரண்டு சான்றுகள் சிறந்து விளங்குகின்றன. முதலாவது, 1816ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா ஏரிக்கரையில் நிகழ்ந்தது. அங்கே வில்லா தியோதாத்தி என்னும் மாளிகையில் கவிஞர் பைரனும் அவருடைய மருத்துவர் போலிதோரியும் தங்கியிருந்தனர். கவிஞர் ஷெல்லியும், பின்னர் அவருக்கு மனைவியான மேரியும், மேரியின் மாற்றாந்தாய் மகளான கிளேரும் அண்மையிற் குடியிருந்து அம்மாளிகைக்கு வந்து போயினர். முந்திய ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக ஐரோப்பாவில் அவ்வாண்டுக் கோடை, குளிரும் மழையுமாய்க் கழிந்தது. வெளியே செல்ல இயலாத அந்நண்பர்கள், ஜெர்மானியப் பேய்க்கதைகளின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக 1812இல் பாரிசில் வெளிவந்த 'ஃபந்தாஸ்மாகோரியானா' என்னும் தொகுதியைக் கூடியிருந்து படித்தனர். ஒவ்வொருவரும் ஒரு பேய்க்கதை எழுதல் வேண்டும் எனப் பைரன் கூறினார். அப்போது பத்தொன்பது ஆண்டும் நிரம்பாத மேரி எழுதத் தொடங்கியதே 1818இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. போலிதோரி எழுதிய 'தி வேம்பையர்' 1819இல் வெளிவந்தது.

ஈண்டு நாம் கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. பைரன் அவ்வவையில் கோலரிட்ஜின் 'கிறிஸ்டபெல்' என்னும் பாட்டின் ஒரு பகுதியை ஓதியபோது, ஷெல்லி அலறிக்கொண்டு அறையை விட்டு ஓடினார் எனப் போலிதோரியின் நாட்குறிப்பு கூறுகின்றது. துணை பலர் சூழ்ந்திருந்தும் அச்சம் குறைந்திலது; ஒருவர் குரலின் வழியாகப் பிறிதொருவர் உள்ளத்தில் அது மிகுந்தது. துணையால் அச்சம் குறையும் என்னும் பொதுவிதி, நன்கு படிக்கப்பெறும் கதையின்முன் எப்போதும் செல்லுவதன்று என்பதற்கு இது சான்றாம்.

இரண்டாவது சான்று ஒரு பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. ஆகலின் நமக்கு இன்னும் நெருங்கியது. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த எம். ஆர். ஜேம்ஸ், பழஞ்சுவடிகளை ஆராய்ந்து பட்டியல் இயற்றுவதில் பெரும்புலமை பெற்றவர். 1905இல் அக்கல்லூரியின் தலைவரானவர். அவர் 1893ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், 'சிட்சாட்' என்னும் சிறு கழகத்தில் தாம் எழுதிய பேய்க்கதைகள் இரண்டினைப் படித்தார். பின்னர்க் கிறிஸ்துமஸ் காலத்தில் நண்பர்க்குக் கதை படித்தல் அவர்தம் வழக்கமாயிற்று. அவ்வாறு படித்த கதைகள் 1904இல் நூலுருப் பெற்றன. முதல்நாள் படிக்கப்பெற்ற கதைகளுள் ஒன்றன் தலைவன், பிரெஞ்சு நாட்டுச் சிற்றூரொன்றில் பழஞ்சுவடித் தொகுப்பைப் பெறும் ஆராய்ச்சியாளன். சுவடிக்கண் அவனுக்கு உள்ள வேட்கையே அவனைக் கேட்டிற்கு அருகில் இட்டுச் செல்கின்றது. கேட்டிருந்தோருள் சுவடியிற் பழகிய புலவரும் இருந்திருக்கலாம். தம் தொழிலுக்குள்ளிருந்தே அச்சம் முளைக்கக் கேட்ட அவர்கள் அக்கதையை எங்ஙனம் ஏற்றிருப்பர் என்பது, ஏட்டுச்சுவடியோடு பழகும் தமிழறிஞர்க்குக் கூறாமலே விளங்கும்.

அறியும் ஒழுங்கு

கூடிப் படித்தல் அச்சக்கதைக்குச் சிறப்பாகப் பொருந்துவதற்குக் காரணம் யாது? அச்சக்கதையின் உயிர் அதன் பொருளில் இல்லை. அப்பொருள் அறியப்படும் ஒழுங்கில் உள்ளது. எதனை முன்னர்க் கூறுவது, எதனை மறைப்பது, மறைத்ததனை எப்போது வெளிப்படுத்துவது என்னும் முறைவைப்பே இங்குக் கலையாகின்றது. முடிவை முன்னரே அறிந்தான் ஒருவனுக்குக் கதையின் செய்திகள் எல்லாம் எஞ்சும், கதை எஞ்சாது.

மேலே கூறிய டிக்கன்ஸின் கதையையே எடுத்துக்கொள்வோம். மேட்டிலிருந்து ஒருவர் கூவி விளிக்கின்றார். கீழே நிற்பவன் மேலே நோக்காது பாதையின் வழியே நோக்குகின்றான். அவ்விடத்தில் நமக்கு அது சிறியதொரு விந்தையாகவே தோன்றும். அதே சொற்களால் விளித்த உருவமொன்றனைச் சுரங்க வாயிலில் அவன் முன்னர்க் கண்டான் என்பதும், அதன்பின் கொடிய விபத்தொன்று நேர்ந்தது என்பதும் பின்னரே தெரியவரும். அப்போதுதான் அவ்வொரு பார்வையின் பொருள் நம்மைத் தாக்கும். முடிவில் இன்னும் நுட்பமான செய்தியொன்று உண்டு. இரயில்வண்டி ஓட்டுநர் கூவிய சொற்களுள், கைகாட்டிக்காரன் வாயாற் கூறியவை மட்டுமல்லாமல், கதை கூறுவோர் தம் மனத்துள்ளே மட்டும் எண்ணிக்கொண்ட சொற்களும் இருந்தன. இதுவரை பிறன் ஒருவனுடைய மனமயக்கமாகத் தோன்றியது, கேட்டவரையும் தன்னுள் இழுத்துக்கொள்கின்றது. கதைச் சுருக்கத்தில் இஃது இடம்பெறாது. டிக்கன்ஸ் 1865ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் நேர்ந்த இரயில் விபத்தில் உயிர் பிழைத்தவர் என்பதனை, கதை முழுதும் படித்து முடித்தபின் கூறினால் அதன் பயன் பெரிது. முன்னரே கூறினால் அதுவும் ஒரு குறிப்பாகவே ஒழியும்.

தனித்துப் படிப்போன் விரைந்து செல்லலாம். முடிவைத் திருப்பியும் பார்க்கலாம். கூடிப் படிக்குங்கால் அனைவரும் ஒரே கணத்தில் ஒரே அளவு அறிந்தவராயும், ஒரே அளவு அறியாதவராயும் இருப்பர். ஆசிரியர் வகுத்த ஒழுங்கு சிதையாது காக்கப்படுகின்றது. இதுவே கூடிப் படித்தலின் முதற்பயன்.

கதைத் தேர்வு

தொடங்குவார்க்கு ஆறு கதைகள் போதும். வாரம் ஒன்றாக ஆறு வாரங்களில் அவற்றைப் படித்து முடிக்கலாம். முதலில் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'குரங்கின் பாதம்' என்னும் கதையை வைத்தல் நன்று. அது மூன்று பகுதிகளாக அமைந்தமையின், நிறுத்துமிடங்களை ஆசிரியரே காட்டியுள்ளார். மேலும், வேண்டுவன அளிக்கும் அப்பாதம் இந்தியப் பக்கிரி ஒருவனால் மந்திரிக்கப்பட்டு, படைவீரன் ஒருவனால் இங்கிலாந்திற்குக் கொணரப்பட்டது என்பது கதை. ஆண்ட நாட்டு இல்லத்தின் அடுப்பங்கரைக்கு ஆளப்பட்ட நாட்டிலிருந்து அச்சம் வந்து சேர்வதாக அமைத்த மனநிலை, நம் மாணவர் கேட்டு ஆராயத்தக்கது.

இரண்டாவதாக 'தி சிக்னல்மேன்' அமைக. மூன்றாவது, எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட 'காட்டிக்கொடுக்கும் இதயம்'. கொலை செய்தோனே தான் பித்தன் அல்லன் என்று கேட்போரை நோக்கி வாதாடும் கதையாதலின், அது வாய்விட்டுப் படிக்கும்போதே முழுவடிவம் பெறும். நான்காவது, சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்'. நோயுற்ற பெண்ணொருத்தியை அவள் கணவனாகிய மருத்துவன் ஓர் அறையில் ஓய்வில் வைக்க, அவள் மறைவாக எழுதும் குறிப்புகளாக அக்கதை செல்கின்றது. ஐந்தாவது, ஜேம்ஸ் முதல்நாள் படித்த சுவடிக்கதை. ஆறாவதாகப் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யை வைத்தோம். அதன் காரணம் இறுதியிற் கூறப்படும்.

படிக்கும் முறை

ஒருவர் படிக்கப் பிறர் கேட்டல் வேண்டும். கேட்போர் கையில் நூல் இருத்தலாகாது. இஃது இன்றியமையாத விதி. நூல் கையில் இருப்பின் கண் முன்னோக்கிச் செல்லும்; ஒழுங்கு கெடும். கதைக்கு இரண்டு அல்லது மூன்று இடங்களில் நிறுத்திச் சிறிது நேரம் உரையாடலாம். நிறுத்துமிடத்தைப் படிப்பவர் முன்னரே குறித்து வைத்தல் வேண்டும். நிறுத்தியபோது, 'இதுகாறும் நாம் அறிந்தது யாது? அறிந்ததாகக் கருதுவது யாது?' என்னும் இரண்டு வினாக்களே போதும். கதையை முன்னரே படித்தவர் இருப்பின் அவர் முடிவு வரையிலும் வாய் திறவாதிருத்தல் கடன்.

அஞ்சினாரை எள்ளுதல் கூடாது. நகையும் இளிவரலும் தோன்றிய இடத்தில் அச்சம் நில்லாது. அதன்பின் ஆராய்தற்கு ஒன்றும் எஞ்சாது. மற்றொன்று: இக்கதைகள் பெரும்பாலும் சாவைப் பற்றியன. அண்மையில் உற்றாரை இழந்தவர் அவையில் இருப்பாராயின், கதையின் பொருள் இன்னதென்று மட்டும் அவர்க்குத் தனித்துக் கூறி, வருதலும் வாராமையும் அவர் விருப்பிற்கு விடுதல் பண்பாகும்.

மொழி பற்றிய ஐயம் எழலாம். ஆங்கிலக் கதையை மூலத்திலேயே கேட்டு உணர்தல் அனைவர்க்கும் எளிதன்று. ஆகலின் வாரந்தோறும் ஒரு மாணவர் அக்கதையைத் தமிழாக்கிக் கொணர்ந்து படிக்குமாறு செய்தோம். இதனால் யாம் எதிர்பாராத பயனும் விளைந்தது. 'குரங்கின் பாதம்' கதையின் இறுதியில், இறந்து புதையுண்ட மகன் மீண்டு வரவேண்டும் என்று பெற்றோர் வேண்டியபின் நள்ளிரவிற் கதவு தட்டப்படுகின்றது. வந்திருப்பவன் தன் மகனே என்று தாய் துடிக்கின்றாள். தந்தையோ, உள்ளே விடவேண்டா என்று அலறுங்கால், வந்ததனை அஃறிணைச் சுட்டால் குறிக்கின்றான். மூலத்தில் ஒரு சிறு சொல்லாகக் கடந்து செல்வது, தமிழிற் படித்தபோது அவை முழுவதையும் திடுக்கிடச் செய்தது. தாய்க்கு 'அவன்', தந்தைக்கு 'அது'. கதவிற்கு அப்பால் நிற்பது எத்திணை என்பதே கதையின் அச்சம் அனைத்தும் என்பது அப்போது விளங்கிற்று. திணைப் பாகுபாட்டினை இலக்கணத்தின் முதற்பாடமாகக் கற்ற நமக்கு, அப்பாகுபாடு ஒரு வீட்டினுள் உடைந்து போகும் காட்சியாகவே அது தோன்றியது.

அன்று எழுந்த உரையாடலையும் ஈண்டுக் குறித்தல் தகும். தந்தையின் மூன்றாம் வேண்டுகோள், வந்ததனைத் திரும்பப் போக்கிவிடுகின்றது. அது கோழைமையின் செயல் என்று பலரும் கூறினர். மாணவி ஒருவர் மட்டும், சிதைந்த உடலைத் தாய் காணாதபடி காத்தமையின் அதுவே அக்கதையில் அன்பு மிக்க செயல் என்றார். அவைக்கு விடை கிட்டவில்லை. கதவு திறந்தபோது தெரு வெறிச்சோடியிருந்தது என்பதோடு கதை முடிதலின், விடை கிட்டாமையே ஆசிரியர் கருத்து எனல் வேண்டும்.

தொல்காப்பியர் வகுத்த நிலைக்களன்

கூடிப் படித்தல் வெறும் பொழுதுபோக்காய் முடியாதிருக்க ஆராய்ச்சிக் கருவியொன்று வேண்டும். அக்கருவி நம்மிடமே உள்ளது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் நிலைக்களன் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு என்பர். இவற்றுள் இறை என்பது தலைமை உடையாரைக் குறிக்கும். பேய்க்கதை என்றவுடன் அணங்கு ஒன்றனையே நினைவார்க்கு, ஏனை மூன்றும் புதிய வழியைக் காட்டும்.

போவின் கதையில் அணங்கு இல்லை. கொலைஞன் கேட்பது இறந்தவரின் இதயத்துடிப்பா, தன் இதயத்துடிப்பா என்பது துணியப்படவில்லை. எனினும், அவனை வாய்விட்டு உண்மை கூறச் செய்வது, எதிரே அமர்ந்திருக்கும் காவலர் மூவரும் தன்னை அறிந்துகொண்டனர் என்னும் எண்ணமே. கள்வனே இறைமுன் அஞ்சும் நிலை அது. 'மஞ்சள் சுவர்த்தாள்' கதையில் சுவர்த்தாளின் பின்னே அடைபட்ட பெண்ணுருவம் காணப்படுகின்றது. அதனை அணங்கு என்று தொடக்கத்திற் கொண்டோர் பலர். ஆயின் சாளரத்தில் கம்பிகள், தரையில் அறையப்பட்ட கட்டில், எழுதுதற்குத் தடை ஆகியவற்றை நிறுத்தி நிறுத்திக் கேட்டபோது, அச்சத்தின் நிலைக்களன் மாறிற்று. அன்போடு பேசி, எதற்கும் இசையாத கணவனே அங்கு இறை. கில்மன் தாமே 1887இல் இத்தகைய ஓய்வு மருத்துவத்திற்கு உட்பட்டவர் என்பது இதனை வலியுறுத்தும். நிலைக்களன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கதையின் போக்கிலேயே பெயர்தல், தற்காலச் சிறுகதையின் இயல்பு எனக் கொள்ளலாம். இம்முடிபு, கதையை ஒழுங்காகக் கேட்டதனாற் கிட்டியதேயன்றிச் சுருக்கத்தினாற் கிட்டுவதன்று.

மெய்ப்பாடு என்பது உள்ளத்து உணர்வு மெய்யின்கட் புலப்படுதலாகும். தனித்துப் படிப்போன் தன் மெய்ப்பாட்டைத் தானே காணான். அவையில், மூச்சு அடங்குதலும், கை இறுகுதலும், கண் வாயிலை நோக்குதலும் பிறரிடத்துக் காணப்படும். கண்ணும் செவியும் கொண்டு உணர்வார்க்கே இப்பொருள் விளங்கும் என்னும் கருத்தோடு மெய்ப்பாட்டியல் முடிகின்றது. அதனை வகுப்பிற் பன்முறை உரைத்த யாம், அதன் உண்மையைக் கண்ணாற் கண்டது இவ்வவையிலேதான்.

தடைகளும் விடைகளும்

'இஃது ஆராய்ச்சியாகுமா? காலம் வீணாகாதா?' என வினவுவார் உளர். ஒரு கதையைக் கேட்க ஒரு மணியும், உரையாட அரைமணியும் போதும். கதையைப் படிக்காது அதனைப் பற்றிய நூல்களைப் படிக்கச் செலவாகும் காலத்தை நோக்க இது சிறிதே. 'அச்சம் தாழ்ந்த சுவையன்றோ?' என்பார்க்கு, எட்டனுள் ஒன்றாக அதனை எண்ணிய தொல்காப்பியர் உயர்வு தாழ்வு கற்பித்திலர் என்பதே விடை. 'பிறநாட்டுக் கதைகளால் நமக்கு என்ன பயன்?' என்பார்க்கு விடையாகவே ஆறாம் கதையை வைத்தோம்.

முடிவுரை

'காஞ்சனை' 1943இல் வெளிவந்தது. கதை எழுதுவோன் ஒருவனே அதனைக் கூறுகின்றான். அவன் இல்லத்திற்கு ஒரு பெண் வந்து சேர்கின்றாள். இரவில் விளங்காத நாற்றம் பரவுகின்றது. அவள் யார், நிகழ்ந்தது மெய்யோ மயக்கமோ என்பது முடிவிலும் துணியப்படவில்லை. இதனை முதலிற் படித்திருப்பின் 'பேய்க்கதை' என்னும் ஒரு சொல்லால் கடந்து சென்றிருப்போம். ஐந்து கதைகளைக் கூடிக் கேட்டபின் படித்தபோது, கூறுவோன் எதனைக் கண்டான், எதனைக் கண்டதாக எண்ணினான், எதனைக் கூறாது விட்டான் என்று மாணவர் தாமே நிறுத்துமிடங்களைக் குறித்தனர். கதை முடிந்தபின் நெடுநேரம் எவரும் எழுந்திலர். அடுத்த பருவத்தில் எக்கதைகளைப் படிக்கலாம் என்று முதலில் வினவியவர், முன்பு கைப்பேசிச் சுருக்கத்தை எழுதி வந்த மாணவருள் ஒருவரே.

பிற துறைகளிலும் இம்முயற்சி தொடங்கப்பெறல் வேண்டும் என்பது எம் விழைவு. வேண்டுவன மிகுதியல்ல: ஓர் அறை, ஒரு குரல், முடிவை அறியாத செவிகள் சில. ஏனையவற்றைக் கதையே செய்துகொள்ளும்.